தெளிவில்லை

நிமிடத்துக்கு இவ்வளவு என்று கூலி.
குடியேற்ற நீதிமன்றத்தின் ஒலிப்பதிவு வரும்;
கேட்டுத் தட்டச்சு செய்து அனுப்ப வேண்டும்.
நெப்ராஸ்காவில், சோளம் அறுத்து முடிந்த வயல்களின் நடுவே,
என் அடுக்களை மேசை.
காலடியில் ஒரு மிதி:
அழுத்தினால் குரல் ஓடும், எடுத்தால் நிற்கும்.
விதி எளிது. மூன்று முறை கேள்.
மூன்றிலும் பிடிபடாவிட்டால்
அடைப்புக்குறிக்குள் எழுது:
(தெளிவில்லை)

இன்றைய கோப்பு நாற்பத்தோரு நிமிடம்.
யேரோ தியா, மொரித்தானியா.
அவர் லூசியானாவில், தடுப்பு முகாமின் திரை முன்னால்.
நீதிபதி வேறொரு மாநிலத்தில்.
மொழிபெயர்ப்பாளர் எங்கிருந்தோ தொலைபேசியில்,
அவர் வீட்டில் ஒரு நாய் விடாமல் குரைக்கிறது.
அரசுக்கு வழக்கறிஞர் இருக்கிறார்.
யேரோவுக்கு யேரோ.

உங்கள் மொழி வோலோஃப்தானே?
இல்லை, புலார்.
வோலோஃப் புரியுமா?
இழுத்து ஏதோ சொல்கிறார்.
மொழிபெயர்ப்பாளர்: "புரியும் என்கிறார்."

இருபதாம் நிமிடத்தில் யேரோ அந்தக் குரலை விலக்கிவிட்டு
தன் கையிலிருந்த ஆங்கிலத்தை
சில்லறை போல் எண்ணி வைக்கத் தொடங்கினார்.
பல், ஐயா. ஆறு வாரம். நாலு தாள் எழுதினேன். மாத்திரை வருகிறது.
நீதிபதி, கடுமை இல்லாமல்:
பல்லைப் பற்றி முகாமில் சொல்லுங்கள்.
இங்கே கேட்பது உங்கள் அச்சத்தை.
திரும்பிப் போனால் என்ன ஆகும்?

பதினோரு விநாடி.
வீங்கிய கன்னத்துக்குள் உருளும் சத்தம்.
பல் போனால் சொல் போச்சு என்பது வழக்கு.
இந்த வழக்கில் பல் போகக்கூட இல்லை.

ஞாயிறு விருந்தில் இதை நான் சொல்லியிருக்கக் கூடாது.
தம்பி டுவெய்ன் எங்கள் மாவட்டச் சிறையில் காவலர்;
அங்கும் ஒரு தளம் இவர்களுக்காக வாடகைக்கு.
"அந்தப் படுக்கைகள் நிரம்புவதால்தான்
பள்ளிக்கூடத்துக் கூரை ஒழுகவில்லை" என்றான்.
"ஒவ்வொருவரையும் கேட்டுக்கொண்டிருந்தால்
எப்போது முடிப்பது, மார்லிஸ்?"
உருளைக்கிழங்கை அழுத்தி அழுத்தி மசித்தான்.
கெட்டவன் இல்லை.
போன ஜனவரியில் ஒருவருக்கு மூச்சு முட்டியபோது
மருந்துக் குழலுக்காக அனுமதியில்லாமல் மாடியேறி ஓடி
கண்டனக் கடிதம் வாங்கியவன்.
அதை நான் நினைவூட்டினேன்.
"அது வேறு" என்றான்.
அவன் மனைவி ரோவீனா சாப்பிடாமல் எழுந்து போனாள்,
யார்மேல் கோபம் என்று சொல்லாமலே.

இரவு நான்காம் முறை கேட்டேன். கூலி இல்லை.
ஒன்பதாம் முறை. பதினான்காம் முறை.
பிறகு ஒரு ரொட்டித் துண்டை உருட்டி
இடது கன்னத்தில் அடக்கிக்கொண்டு
எனக்குத் தெரிந்த சொற்களை ஒவ்வொன்றாக
அந்தச் சத்தத்துக்குள் பொருத்திப் பார்த்தேன்,
சாவி தொலைத்தவள் கொத்தோடு வாசலில் நிற்பதுபோல்.
ஒன்றரை மணிக்குத் திறந்தது:

நிலம் அப்பாவுடையது.
பட்டியலில் எங்கள் பெயர் இல்லை.
அண்ணன் போய்க் கேட்டார்.
அண்ணன் ஆற்றில்.

தட்டச்சு செய்தேன். உடனே பயம்.
இது அவர் சொன்னதா,
ரொட்டி அடைத்த என் வாய் சொன்னதா?
தவறான ஒரு சொல்லும் ஒருவரை ஏற்றி அனுப்பிவிடும்.
இருபத்தோராம் முறை.
"ஆற்றில்" உறுதி. "பட்டியல்" ஏறக்குறைய.
அப்படியே அனுப்பினேன்.

காலையில் கோப்பு திரும்பி வந்தது, சிவப்புக் கோடுடன்.
சரிபார்ப்பவர் மூன்று முறை கேட்டாராம்.
அடைப்புக்குறியை மீண்டும் போடவும்.

பதிவின் தேதி மே மாதம். இது நவம்பர்.
அந்தப் பல் என்ன ஆயிற்று என்று
எந்தக் கோப்பிலும் எனக்கு வராது.
கால் மிதிமேல் இருக்கிறது. அழுத்தவில்லை.
நாக்கு தானாகவே போய்
என் கடைவாய்ப் பல்லைத் தொட்டுப் பார்க்கிறது.
கெட்டியாக இருக்கிறது,
போன மாதம் அடைத்தது.